நல்லெண்ணெயில் கலந்த நஞ்சு

மில்லிக்கனில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தபோது, பிள்ளையின் தாயார் கேட்டார்: "நல்லெண்ணெய் குடிச்சுக் கால் இழுத்ததெண்டு ஊரில சொல்லுவினம், உண்மையோ?" உண்மைதான். ஆனால் பிழை நல்லெண்ணெயில் இல்லை.

1977-78 இல் இலங்கையில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் நொந்து, பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் போனது. வைத்தியர்கள் சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் இதை ஆராய்ந்து 1981 இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார்கள். பிள்ளைகள் பெரியபிள்ளையான நேரத்தில் குடித்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற் என்ற இரசாயனம் இருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியபோது அது கலந்திருக்கலாம் என்று கருதினார்கள்.

இனி வானொலியில் நேரம் போதாமல் விட்ட பகுதி. இந்தப் பெயரில் விற்கப்படுவது ஒரே பொருள் அல்ல, ஒரு கலவை. அதைச் செய்யப் பயன்படும் கிரெசோலில் ஓதோ, மெற்றா, பரா என மூன்று வகை உண்டு. ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கிரெசோல் துண்டுகள் இருக்கும். நரம்பைக் கெடுப்பது ஓதோ. ஈரல் அதை வேறொரு பொருளாக மாற்ற, அது நரம்புக் கலத்தின் ஒரு நொதியத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றிரண்டு கிழமையில் நீளமான நரம்பிழைகள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. பாதம் முதலில் விழுவது அதனால்தான்.

மூன்றும் ஓதோவாக இருந்தால்தான் கூடிய நஞ்சு என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1958 இல் ஹென்ஷ்லர் என்ற ஜேர்மன் ஆய்வாளர் கோழிகளில் பார்த்தபோது, ஒரேயொரு ஓதோ உள்ள மூலக்கூறு, மூன்றும் ஓதோவானதைவிடச் சுமார் பத்து மடங்கு கொடியதாக இருந்தது! ஆகவே மூன்று ஓதோ உள்ளதை மட்டும் அளந்துவிட்டு "இல்லை, பயமில்லை" என்றால் கணக்குப் பிழைக்கும். எந்தக் கிரெசோலில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு பீப்பாய்க்கும் அடுத்த பீப்பாய்க்கும் நஞ்சு மாறும். 1959 இல் மொரோக்கோவில் விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதில் ஏறக்குறைய 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். இப்போது விமான எண்ணெய்க்கு ஓதோவை வெகுவாகக் குறைத்தே இதைத் தயாரிக்கிறார்கள்.

அந்தத் தாயாருக்குச் சொன்னது: மூடி முத்திரையிட்ட போத்தல் நல்லெண்ணெயைத் தாராளமாகக் கொடுங்கள். முட்டையை அவித்துக் கொடுங்கள், அது வேறு பயம். கராஜில் கிடக்கும் பழைய எண்ணெய்க் கானை எவ்வளவு கழுவினாலும் அதில் சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள்.