பாவையும் அதன் மேனியும்

பாவையென்பது பிள்ளைகளின் பொழுதுபோக்குக் கருவி மாத்திரமன்று. அதனைச் செய்த காலத்தார் மனித உடலை எங்ஙனம் மதித்தனர் என்பதையும் அது காட்டவல்லது. இவ்வுண்மையை அமெரிக்காவிற் பிறந்த பார்பி என்னும் சிறு பாவையைக்கொண்டு ஈண்டு விளக்குவாம்.

1955-ம் ஆண்டில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லில்லி என்னும் பாவை, ஒரு செய்தித்தாளின் கேலிச்சித்திரத்தினின்று தோன்றியது. சுவிட்சர்லாந்திற் பயணஞ்செய்த ரூத் ஹாண்ட்லர் அம்மையார் அதனைக் கண்டார். பின்னர், 1959-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ந் தேதி நியூயார்க்குப் பொம்மைக் கண்காட்சியில், மாட்டெல் கம்பெனியார் பார்பியை வெளியிட்டனர். அதன் உயரம் 11½ அங்குலம். ஆறு மடங்காக்கின் 5 அடி 9 அங்குலமாம். ஆயின் அவ்வுயரத்திற்கு அதன் இடை மிகச் சிறிது. பாதங்களோ குதியுயர்ந்த செருப்புக்கென நுனிக்காலில் நிற்பன.

இவ்வாறு செய்ததன் காரணம் யாது? துணியைச் சிறிதாக வெட்டலாம். நூலின் பருமனைக் குறைத்தல் அரிது. பாவாடையும் உட்பாவாடையும் சட்டையும் இடையில் மடிந்து சேருங்கால், இயற்கையளவான இடையும் பருத்துத் தோன்றும். ஆதலின் உடைக்கு இடங்கொடுத்து உடலைக் குறுக்கினர்.

பின்வந்த மாறுதல்களுட் பல அசைவைப் பற்றியனவே. 1965-ல் முழங்கால் மடங்கிற்று. 1967-ல் இடை திரும்பிற்று. 2015-ல் 22 மூட்டுக்களையுடைய உடல் வந்தது. 2000-ம் ஆண்டளவில் இடை சற்றே அகன்று, கொப்பூழும் அமைந்தது.

நிற்க. தையற்காரரின் நியாயத்தைச் சிறுமி அறியாள். தான் காண்பதையே அழகென்று கொள்வாள். 1965-ல் விற்ற ஒரு பார்பித் தொகுதியில், 110 இராத்தலையே என்றும் காட்டும் ஒரு நிறைகோலும், உடல் மெலிதற்கு உண்ணாமையையே உபாயமாகக் கூறும் ஒரு சிறு நூலும் இருந்தன. 2006-ல் வெளியான இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியொன்று, 5 முதல் 8 வயது வரையுள்ள 162 சிறுமியரைச் சோதித்தது. பார்பியின் படங்களைக் கண்ட இளையோர், காணாதாரினும் தம் உடலைத் தாழ்வாய் மதித்து, மெலிய விரும்பினர். மூத்தோரிடம் அவ்விளைவு தோன்றவில்லை. உள்ளம் எவ்வளவு இளையதோ, அவ்வளவு எளிதிற் பதிகின்றது போலும்!

2016-ம் ஆண்டில் மாட்டெல் கம்பெனியார் பழைய வடிவோடு நெடியது, குறியது, பருத்தது என மூவகை உடல்களைச் சேர்த்தனர். இதனால் ஒரு தொல்லையும் நேர்ந்தது: ஒன்றன் உடை மற்றொன்றற்குப் பொருந்துவதில்லை. எனினும் இத்தொல்லை இயற்கையோடு ஒத்ததே. நம்முள்ளும் ஒருவர் சட்டை அனைவர்க்கும் பொருந்துவதுண்டோ?

முதற்பாவையில் உடைக்காக உடல் அமைந்தது. பிற்பாவைகளில் உடலுக்கேற்ப உடையை வேறு தைக்கவேண்டியதாயிற்று. பின்னதே முறையென்பது வெளிப்படை. குழந்தையின் கையிற் கொடுக்கும் பொருள் சிறிதாயினும், அஃது உரைக்கும் பாடம் சிறிதன்று என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் உளங்கொள்வாராக.