இடங்களுக்குப் பெயரிடும் இயந்திரம்

கைப்பேசி வரைபடத்தில் ஓர் ஊரைத் திறந்தால் உணவகம், கோயில், மருந்துக்கடை எனச் சிறு குறிகள் தென்படுகின்றன. இவற்றை எல்லாம் யாரோ ஒருவர் எழுதி வைத்ததாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால், எவரும் சொல்லாமலேயே ஓர் இடம் இன்ன வகை என்று கணினியே ஊகிக்கும் முறைகள் வந்து பல ஆண்டுகளாகின்றன.

2009-இல் தொடங்கப்பட்ட ஃபோர்ஸ்கொயர் போன்ற செயலிகளில், பயனர் தாம் சென்ற இடத்தைத் தாமே பதிவு செய்வார். இதற்குச் 'செக்-இன்' என்று பெயர். பதிவுகள் குவிந்தன, பல இடங்களின் தன்மையோ தெரியவில்லை. ஃபோர்ஸ்கொயர், வேர்ல் ஆகிய தளங்களை ஆராய்ந்த மாவ் யே குழுவினர், ஏறத்தாழ 30 விழுக்காடு இடங்களுக்குப் பொருளுள்ள விவரக்குறிப்பே இல்லை என்று 2011-இல் எழுதினர். அவர்கள் கண்ட வழி, வருவோரின் நடத்தையிலிருந்து இடத்தை அறிவது.

எத்தனை பேர் வருகின்றனர், எந்தக் கிழமை, எந்த நேரம், அதே ஆள்கள் மீண்டும் வருகின்றனரா என்பவை முதல் தடயங்கள். நண்பகலிலும் இரவிலும் பலதரப்பட்டவர் வந்து சென்றால் உணவகமாகலாம். வார நாள்களில் அதே சிலர் திரும்பத் திரும்ப வந்தால் அலுவலகமாகலாம். ஒருவர் வெவ்வேறு நாள்களில் ஒரே நேரத்தில் செல்லும் இடங்கள் ஒரே வகையினவாக இருக்கக்கூடும் என்பது அடுத்த தடயம். விவரம் தெரிந்த இடங்களிலிருந்து கற்றுக்கொண்டு, தெரியாதவற்றுக்குக் கணினி குறிச்சொல் இடுகிறது.

இதனை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பொருத்திப் பார்க்கிறேன். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் சனிக்கிழமைதோறும், குறிப்பாக ஆடி மாதத்தில், கூட்டம் பெருகும். வாரச்சந்தைக்கும் வாரம் ஒருமுறைதான் கூட்டம் என்றாலும், மற்றத் தடயங்களைக் கொண்டு கணினி இரண்டையும் பிரித்தறிந்துவிடலாம்.

விடியலுக்கு முன்பே எங்கள் பகுதிச் சாலையோரங்களில் திரளும் தோட்டத் தொழிலாளர்களை அது எப்படிப் புரிந்துகொள்ளும்? ஜீப்புகள் அவர்களை இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்று, மாலையில் இறக்கிவிடுகின்றன. கணினி அதை வாகன நிறுத்தம் என்னும். பொருளியல் கற்பித்த நான் அதை உழைப்புச் சந்தை என்பேன். எந்தத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்ற செய்தி கைமாறும் இடமும் அதுவே.

ஆனால், கணினியின் கண்ணில் அந்த இடம் படுவதே அரிது. சுருளி அருவிக்கு வரும் சுற்றுலாப் பயணி படமெடுத்துப் பதிவிடுவார். தூக்குவாளியுடன் ஜீப்பில் ஏறும் பெண் பதிவிடுவதில்லை. பதிவுகள் பெருகினால் பிழை குறையும் என்பர். ஒரு சாரார் முற்றிலும் விடுபட்ட மாதிரியில், அளவைப் பெருக்குவதால் அந்தக் குறை தீராது.

இது வெறும் தொழில்நுட்பக் குறையன்று. 2024 நவம்பரில் ஃபோர்ஸ்கொயர் 10 கோடிக்கும் மேற்பட்ட இடங்களின் விவரங்களை எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. நல்ல செயல்தான், எனினும் இத்தகைய பொதுத்தரவு ஒன்றில் விடுபட்ட இடம், அதை நம்பும் எல்லாச் செயலிகளிலும் விடுபடும். நிழற்குடையும் கழிப்பறையும் எங்கே தேவை என்பதை நாளை இத்தரவைக் கொண்டு திட்டமிட்டால், விடியற்காலையில் காத்திருக்கும் அப்பெண்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

தீர்வு நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் எவரும் இடங்களைத் தமிழிலேயே சேர்க்கலாம். உத்தமபாளையத்தில் 1956 முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இயங்குகிறது. இதுபோன்ற கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், முகாமிடும் ஒவ்வோர் ஊரிலும் எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று மக்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். அதற்கு எவருடைய கைப்பேசியையும் பின்தொடர வேண்டியதில்லை. ஊராட்சி மன்றங்கள் அப்பட்டியலைக் கிராம சபையில் வாசித்துச் சரிபார்த்தால், கணினியின் ஊகத்தைவிட நம்பகமான ஆவணம் கிடைக்கும்.