பழைய ரேமை ஓவர்கிளாக் செய்தால் கேம் வேகமாகுமா? பாலக்காடு வெயிலிலும் மூணாறு குளிரிலும் பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

வீடு கொழிஞ்சாம்பாறையில், வேலை கோவையில். அல்லது வீடு மறையூரில், வாரத்தில் மூன்று நாள் வொர்க் ஃப்ரம் ஹோம். பகலில் ஆபீஸ் வேலை பார்க்கும் அதே டெஸ்க்டாப்பில்தான் ராத்திரி வாலரன்ட், ஜிடிஏ எல்லாம். வாங்கி ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. திரையில் கூட்டம் அதிகமானால் கேம் திக்குகிறது. "ரேமை ஓவர்கிளாக் பண்ணிப் பாரு, காசே செலவில்லாம ஸ்பீடு கிடைக்கும்" என்கிறார் நண்பர்.

செய்யலாமா? செய்யலாம். ஆனால் பலர் பயப்படுவது போல ரேம் எரிந்துபோவது இதில் பெரிய ஆபத்து இல்லை. கம்ப்யூட்டர் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். உள்ளே உங்கள் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். அதுதான் பெரிய ஆபத்து. அதைத் தவிர்த்து இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

முன்பெல்லாம் ரேம் போதவில்லை என்றால் காந்திபுரம் பக்கம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். 2025-ன் பிற்பாதியிலிருந்து ரேம் விலை உலகம் முழுவதும் ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பு நிறுவனங்கள் அந்தப் பக்கம் திரும்பின. குருஷியல் என்ற பெயரில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பழைய டிடிஆர்4 ரேமும் இந்த விலையேற்றத்துக்குத் தப்பவில்லை. அதனால், கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

ரேமில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா போய்வருகிறது. இரண்டு, கேட்டதும் முதல் டேட்டா வர எவ்வளவு நேரம் ஆகிறது. முதலாவதைத்தான் 2400, 2666, 3200 என்ற எண்கள் சொல்கின்றன. இரண்டாவதைச் சொல்வது 'சிஎல்' என்ற எண்.

கணக்கு எளிது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். சிஎல் 17 கொண்ட 2400 ரேமில் தாமதம் சுமார் 14 நானோ நொடி. சிஎல் 16 கொண்ட 3200 ரேமில் 10 நானோ நொடி. தயாரிப்பாளர் குறித்த வேகத்தைவிட ரேமை வேகமாக ஓடவைப்பதுதான் ஓவர்கிளாக்.

ஒரு சின்ன எச்சரிக்கை: சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால், 2400 ரேமுக்கு 1200 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும். காட்டும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேமுக்கு இது உதவுமா?

கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தால், தடை அங்கேதான் இருக்கிறது. ரேமை எவ்வளவு முடுக்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்க, கேம் மட்டும் திக்கினால் பிராசஸரோ ரேமோ பின்தங்குகிறது என்று அர்த்தம். இங்கே ஓவர்கிளாக் உதவும். சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாவிட்டாலும், திடீர் திக்கல்கள் குறையும்.

தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ரைசன் 2200ஜி, 3400ஜி, 5600ஜி போன்ற பிராசஸர்களில் ஆடுபவர்களுக்குத்தான் லாபம் அதிகம். அவற்றின் கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி மெமரி கிடையாது. உங்கள் ரேமைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது.

ரேம் முழுக்க நிரம்பிவிடுகிறது என்றால் விஷயமே வேறு. 8 ஜிபி போதாமல் திக்கும் கேமை ஓவர்கிளாக் காப்பாற்றாது. அங்கே தேவை அளவு, வேகம் இல்லை.

முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்

ஒன்று, ரேம் எத்தனை, எந்த ஸ்லாட்டில் என்பது. ஒரே ஒரு 2400 ரேம் நொடிக்கு 19.2 ஜிபி வரை டேட்டா கடத்தும். அதை ரொம்பக் கஷ்டப்பட்டு 3200-க்கு ஓவர்கிளாக் செய்தால் 25.6 ஜிபி. ஆனால் அதே 2400-ல் இன்னொரு ரேமைச் சேர்த்து டூயல் சேனலாக ஓடவிட்டால் 38.4 ஜிபி. எந்த ஓவர்கிளாக்கும் இதற்கு ஈடாகாது. ஏற்கெனவே இரண்டு ரேம் இருந்தால், நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டுகளில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, பாதி வேகத்தில் வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறைய பேர்.

இரண்டு, எக்ஸ்எம்பி. 3200 என்று பெட்டியில் எழுதியிருக்கும் ரேம், பயாஸில் அந்த அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்குகிறது. ஏஎம்டி போர்டுகளில் இதுவே டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்ற பெயர்களில் இருக்கும். ரேம் தயாரித்தவரே சோதித்துக் கொடுத்த வேகம் என்பதால் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி இதுதான். ஆனாலும் பிராசஸர் நிறுவனங்கள் இதையும் ஓவர்கிளாக் கணக்கில்தான் வைக்கின்றன. வாரண்டி மிச்சம் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு இந்த இரண்டோடு வேலை முடிந்துவிடும்.

மதர்போர்டு விடுமா?

இன்டெல்லின் எச்81, எச்110, எச்310 போன்ற விலை குறைந்த போர்டுகளில், பிராசஸருக்கு இன்டெல் குறித்த வரம்பைத் தாண்டி ரேம் ஓடாது. 8-ஆம் தலைமுறை ஐ5 என்றால் 2666 தான் எல்லை. இசட் வரிசை போர்டுகளில் இந்தத் தடை இல்லை. 2021-ல் வந்த பி560 முதல் நடுத்தர போர்டுகளிலும் ரேம் ஓவர்கிளாக் திறந்துவிடப்பட்டது. ஏஎம்டியில் பி350, பி450 போர்டுகளிலேயே செய்யலாம்.

கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி ஆபீஸ் கம்ப்யூட்டரை ரீஃபர்பிஷ்டு என்று வாங்கி கிராபிக்ஸ் கார்டு சொருகியிருக்கிறீர்களா? அவற்றின் பயாஸில் இந்த அமைப்புகளே பெரும்பாலும் இருக்காது. லேப்டாப்புகளும் அப்படித்தான். டிடிஆர்3 காலத்து கம்ப்யூட்டர் என்றால் ஓவர்கிளாக்கில் நேரம் செலவழிப்பதைவிட இரண்டாவது ரேமோ ஒரு எஸ்எஸ்டியோ வாங்குவது புத்திசாலித்தனம்.

எப்படிச் செய்வது?

இது டிடிஆர்4 ரேமுக்கான வழி.

1. முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ பேக்கப் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

2. பயாஸின் இப்போதைய மெமரி பக்கத்தை மொபைலில் போட்டோ எடுங்கள். மதர்போர்டில் சிமாஸ் கிளியர் ஜம்பர் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரையே வராமல் போனால், கரண்டை முழுக்கத் துண்டித்துவிட்டு அந்த ஜம்பரையோ, நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி மாட்டுவதையோ வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

3. மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனை மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள். எதையும் மாற்றும் முன்பே ஒருமுறை ஓட்டுங்கள். இப்போதே பிழை காட்டினால் ரேமிலேயே கோளாறு, ஓவர்கிளாக்கை மறந்துவிடுங்கள்.

4. வேகத்தை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். 2400-லிருந்து 2666. சிஎல் எண்ணை ஓரிரண்டு கூட்டியே வையுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்.

5. வோல்டேஜ்: டிடிஆர்4-ன் அடிப்படை அளவு 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி ரேம்கள் பலவும் 1.35-ல் ஓடுபவை. முதல்முறை செய்பவர் 1.35-ஐத் தாண்டத் தேவையில்லை. ஏஎம்டியில் எஸ்ஓசி வோல்டேஜ் 1.1-க்குள் இருக்கட்டும். சில போர்டுகள் 'ஆட்டோ'வில் தாமாகவே வோல்டேஜை ஏற்றிவிடும். அதனால் மாற்றத்துக்குப் பிறகு எல்லா எண்களையும் ஒருமுறை பாருங்கள்.

6. சேமித்து வெளியே வந்ததும் கம்ப்யூட்டர் இரண்டு மூன்று முறை தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகலாம். புது வேகத்துக்கு ரேமைப் பழக்குகிறது, பதற வேண்டாம்.

7. மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். குறைந்தது நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ஒரு படி இறங்குங்கள். பிழையே இல்லை என்றால் மட்டும் அடுத்த படி.

ரைசன் 3000, 5000 வரிசையில் 3600 வரை போவது பொதுவாக லாபம். அதற்கு மேல் பிராசஸருக்குள் இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு ரேமோடு சேர்ந்து ஓட முடியாமல் போகலாம். அப்போது எண் கூடும், தாமதமும் கூடும். வேகமாக்கப் போய் மெதுவாக்கிய கதைதான்.

அந்த ஒரு பிழைக்கு ஏன் இவ்வளவு பயம்?

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெபாசிட்டரில் மின்னேற்றமாக இருக்கிறது. அது கசியும் குடம் மாதிரி. அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் எல்லாக் குடங்களும் ஒருமுறை நிரப்பப்படும். ஓவர்கிளாக்கில் ரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. எங்கோ ஒரு பிட் 1-க்குப் பதில் 0 என்று படிக்கப்படலாம்.

சர்வர்களில் இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ரேம் இருக்கும். நம் வீட்டு ரேமில் பொதுவாக அது கிடையாது. கேமில் அந்தப் பிட் மாறினால் கேம் கிராஷ் ஆகும், திரும்ப ஆடிக்கொள்ளலாம். நீங்கள் சேமிக்கும் எக்செல் ஷீட்டில், கிளையன்ட்டுக்கு அனுப்பும் கோடில், குழந்தையின் போட்டோவில் மாறினால்? கெட்ட ஃபைல் அப்படியே டிஸ்க்குக்குப் போகும். அங்கிருந்து பேக்கப்புக்கும் போகும். பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும்.

அறிகுறிகள் உண்டு. ஜிப் ஃபைல் பிரிக்கும்போது காரணமில்லாமல் பிழை வருவது, பிரவுசர் டேப்கள் தானாகச் சாவது, மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத்திரை வருவது. இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே பழைய வேகத்துக்கு இறக்கிவிடுங்கள்.

வெயில், இடி, ஈரம்

நீங்கள் இருக்கும் ஊரும் இதில் ஒரு காரணிதான். சூடு ஏற ஏற அந்தக் குடம் வேகமாகக் கசியும். ரேம் சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்று தரநிலையே சொல்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாகத் தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட வெப்பக்காற்று பாலக்காட்டுக்கு வருகிறது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. டிசம்பர் ராத்திரியில் சித்தூரில் மெம்டெஸ்ட் பாஸ் ஆன ரேம், ஏப்ரல் மத்தியானம் ஃபேன் காற்றே சூடாக அடிக்கும் அறையில் பாஸ் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோடையில் இன்னொருமுறை சோதியுங்கள், அல்லது ஒரு படி குறைத்து ஓட்டுங்கள். கேபினட்டில் தூசி தட்டி, ரேம் பக்கம் காற்றுப் போக ஒரு ஃபேன் வைப்பதும் உதவும்.

மூணாறு, மறையூர் பக்கம் சூடு பிரச்சினை இல்லை. அங்கே எதிரி இடியும் ஈரமும். பயாஸ் அப்டேட் செய்யும்போது பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். யுபிஎஸ் இல்லாமல், வானம் கறுத்திருக்கும் நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம். இடி மின்னலின்போது மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டித்து வைக்கச் சொல்கிறது கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம். கம்ப்யூட்டருக்கு பிளக்கையும், இன்டர்நெட் கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். மழைக்காலத்தில் ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். ஓவர்கிளாக் கோளாறு என்று நினைத்தது சில நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

எங்கே நிறுத்துவது?

கேமில் வித்தியாசம் தெரியாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கேமின் ஒரே காட்சியை மூன்று முறை ஓட்டி எஃப்பிஎஸ் குறித்துவையுங்கள். எண் ஏறவில்லை என்றால், அந்த ஓவர்கிளாக்கில் உங்களுக்கு மிச்சம் ஆபத்து மட்டும்தான்.

ஏறியிருந்தால் சந்தோஷம். ஆனால் கடைசியாகப் பிழையில்லாமல் ஓடிய வேகத்திலிருந்து ஒரு படி இறங்கியே தினமும் ஓட்டுங்கள். அந்த ஒரு படியில் கேமில் நீங்கள் இழப்பது கண்ணுக்கே தெரியாது. மறுநாள் காலை அதே கம்ப்யூட்டரில்தான் ஆபீஸ் வேலைக்கு லாகின் பண்ணப் போகிறீர்கள்.