பழங்காருக்கு ஏற்ற வானொலி

ஆரணியிலே பட்டுத்தறி ஒலிக்கும் தெருவொன்றில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைக் கண்டோம். இவ்வகைக் கார் சென்னையில் 1961 முதல் செய்யப்பெற்றது. அதன் டாஷ்போர்டில் வானொலி இருந்த இடம் வெறுந்துளையாய்க் கிடந்தது. அக்காலத்துப் பெட்டியே வேண்டுமென்று தேடிய உரிமையாளர், ஒன்றை வாங்கிக் கம்பியும் கையுமாய் நின்றார்.

அலைவரிசைத் தட்டை முதலில் நோக்கினோம். சென்னையில் பண்பலை ஒலிபரப்பு 1977 இல்தான் தொடங்கிற்று. ஆதலின் பண்பலை எண் பொறித்த பெட்டி அந்நாளில் இங்குக் கேட்டற்கு ஒன்றுமின்றி இருந்திருக்கும். அத்தகையதை ஐயுறுதல் நன்று. இவர் பெட்டியில் மத்திய அலை மட்டுமே இருந்தது. மகிழ்ந்தோம்.

ஆயின் பெரிய இடர் வேறிடத்தில் உளது. பழைய ஆங்கில முறைக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். பிற்காலக் கார்களில் எதிர்முனை. டிரான்சிஸ்டர் வானொலியை முனைமாறி இணைப்பின், நொடியில் கருகும். வால்வுப் பெட்டிக்கோ, நாட்பட்ட மின்தேக்கிகளை மாற்றாது மின்சாரம் ஊட்டலாகாது.

உள்ளுறுப்புகளைக் களைந்து, பழைய கூட்டுக்குள் புதுக்கருவி வைப்பாரும் உளர். உள்ளே உயிரற்றதாயின் குற்றமில்லை. சேலையின் உடல் இற்றபின் சரிகைக் கரையைப் புதுத்துணியில் தைப்பதுண்டு. நல்ல சேலையின் கரையை அறுப்பார் ஆரணியில் யார்?

பாட்டரியைத் திறந்து பார்த்தோம். நேர்முனையே உடலோடு பிணைந்திருந்தது. பெட்டியின் அடியிலோ எதிர்முனைக் குறி. கம்பியைக் கீழே வைத்தார்.