ஐந்து முள் இருக்கிறதா?

பெயரில்தான் பச்சை. ஐரோப்பியப் பச்சை நண்டு ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும், சிவந்தும் கிடக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் கல்லைப் புரட்டினால் பச்சையாக ஓடுவது பெரும்பாலும் அந்த ஊர் நண்டுதான். ஊடுருவி வந்த பச்சை நண்டைக் கொல்ல, நிறத்தை நம்பிக் கல்லைத் தூக்குகிறவர் கையில் ஊர் நண்டுதான் சாகும்.

அதனால் அம்மாநில மீன், வனவிலங்குத் துறை மக்களிடம் கேட்பது வேறு: கொல்லாதீர்கள், படமெடுத்து அனுப்புங்கள்.

இந்த நண்டின் தாயகம் அட்லாண்டிக்கை ஒட்டிய ஐரோப்பா, வட ஆப்பிரிக்கக் கரைகள். 1989இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தென்பட்டது. ஒரு பெண் நண்டு ஒரே ஈட்டில் 1,85,000 முட்டைகள் வரை இடும். எல் நினோ ஆண்டின் நீரோட்டம் குஞ்சுகளை வடக்கே தள்ள, 1998இல் வாஷிங்டன் கரையையும் எட்டியது. சிப்பிக் குஞ்சுகளைத் தின்னும். உள்ளூர் டஞ்சனெஸ் இன இளம் நண்டுகள் ஒளிந்து வளரும் கடற்புல்லைக் கிளறிப் பிடுங்கும். வாஷிங்டனின் லம்மி பழங்குடியினரின் கடற்குளத்தில் மட்டும் 2021இல் 70,000க்கு மேல் பிடிபட்டன. 2022 ஜனவரியில் அப்போதைய மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீ அவசரநிலை ஆணை பிறப்பித்தார்.

அடையாளம் ஓட்டின் முன்விளிம்பில் இருக்கிறது. கண்ணுக்கு வெளிப்புறமிருந்து முட்களை எண்ண வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து என்றால் பச்சை நண்டு. உள்ளூர்க் கரை நண்டுக்கு மூன்று, டஞ்சனெஸுக்குப் பத்து. பச்சை நண்டின் கண்களுக்கு நடுவே மழுங்கிய மூன்று மேடுகளும் உண்டு. நன்றாக வளர்ந்தாலும் ஓட்டின் அகலம் சுமார் 10 சென்டிமீட்டர்தான்.

முட்கள் தெரியும்படி மேலிருந்து ஒரு படம். அளவு புரிய பக்கத்தில் ஒரு நாணயம். எந்த இடம், என்ன தேதி என்ற குறிப்பு. இவ்வளவு போதும். எடுத்த நண்டை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அனுமதியில்லாமல் உயிருள்ள பச்சை நண்டை வைத்திருப்பது வாஷிங்டனில் சட்டப்படி குற்றம். பொறி வைத்துப் பிடிப்பது பழங்குடியினர், அரசுத் துறை, பயிற்சி பெற்ற குழுக்களின் வேலை. கூடவே சிக்கும் உள்ளூர் நண்டுகளை அவர்கள் பார்த்துப் பிரித்துக் கடலில் விடுவார்கள்.

உயிருள்ள நண்டுதான் அகப்பட வேண்டும் என்பதில்லை. நண்டு வளர வளர ஓட்டை உரித்துப்போடும். அது அலையோடு வந்து கரையில் ஒதுங்கும். 2022 ஜூலையில், அலாஸ்காவின் மெட்லகட்லா பழங்குடியினர் வாழும் அனெட் தீவில் பச்சை நண்டு வந்துவிட்டதை முதலில் காட்டிக்கொடுத்தவை அப்படிக் கிடந்த வெற்று ஓடுகள்தான். வெற்று ஓட்டிலும் முள் ஐந்துதான்.