கூழ் குடிக்கலாமா, அக்கா?

ஆடி மாதம். எதிர்வீட்டில் அம்மனுக்குப் படைத்துக் கூழ் ஊற்றுகிறார்கள். பள்ளித் தோழன் கூப்பிடுகிறான். குடிக்கலாமா, கூடாதா?

திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு அருகே இருக்கிற அயனம்பாக்கத்தில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. ஏழு வயதில் "வேண்டாம்" என்று அம்மா சொன்னால் போதும். பதினொரு வயதில் ஏன் என்று கேட்கும். அந்த ஏனுக்கு ஞாயிறு பள்ளி அக்காவிடம் பதில் இருக்க வேண்டும்.

வேதாகமத்தில் இருக்கிறது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 8-ஆம் அதிகாரமும் 10-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியும் படையல் உணவைப் பற்றியவை. பவுல் ஒரே வார்த்தையில் முடித்துவிடவில்லை. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் மனச்சாட்சிக்காக விட்டுவிட வேண்டும் என்று பிரித்துப் பேசுகிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் படித்துப் பாருங்கள். எதிர்வீட்டுத் தோழனை அவமதிக்காமல் தன் விசுவாசத்தில் எப்படி நிற்பது என்பதையும் அவர்களே யோசிப்பார்கள். "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று அடக்கினால் கேள்வி சாகாது, செல்போனுக்குப் போய்விடும்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் இயேசுவுக்கு 12 வயது. மூன்று நாள் தேடிய பெற்றோர் அவரை எருசலேம் தேவாலயத்தில், போதகர்கள் நடுவே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கண்டார்கள். அந்தப் போதகர்கள் சிறுவனை விரட்டவில்லை என்பதை நாம் கவனிப்பதே இல்லை.

நம் சபைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் பாட்டு, பெரிய பிள்ளைகளுக்கு வாலிபர் கூட்டம். பத்து முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) முடிந்தால் அதோடு சரி. இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலை செய்த பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. இப்போது ஆறாம் வகுப்பிலேயே அந்த ஞாயிறையும் டியூஷன் எடுத்துக்கொள்கிறது. டியூஷன் நேரத்தை மாற்ற முடியாவிட்டால் சபை தன் நேரத்தை மாற்றட்டும்; சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போதும்.

எந்த நேரத்தில் கூடினாலும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தை ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கதவு திறந்த அறை, எப்போதும் இரண்டு பெரியவர்கள்: இதில் சமரசமே கூடாது.

வருடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று மாற்றுவதையும் நிறுத்தலாம். ஐந்தாம் வகுப்பில் பொறுப்பேற்கும் அக்காவோ அண்ணனோ ஏழாம் வகுப்பு முடியும்வரை அதே பிள்ளைகளோடு இருக்கட்டும். கூழைப் பற்றிக் கேட்கவே ஒரு பிள்ளைக்கு முதல் வருடம் முழுக்கத் தேவைப்படும்.