ஒளிக்கு ஒரு சீப்பு!



போன மாதம் இயற்பியல் செய்முறை வகுப்பு. பாதரச ஆவி விளக்கு, கீற்றணி, நிறமாலைமானி எல்லாம் தயார். தொலைநோக்கியில் பார்த்து 'மஞ்சள் கோடு - 1' என்று எழுதிவிட்டேன். பக்கத்து மேசை நண்பன், "டேய், மஞ்சள்ல ரெண்டு இருக்குடா" என்றான். "போய் கண்ணாடி போடுடா" என்று கிண்டல் செய்தேன்.

சார் வந்தார். பேசாமல் என் கருவியில் பிளவின் அகலத்தைக் குறைத்தார். "இப்பப் பாரு." ஒரே கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது! ஒன்று 577 நானோமீட்டர், மற்றொன்று 579. கோடு அங்கேதான் இருந்தது. என் கருவி அதைப் பிரித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். இப்படிப் பிரித்துக் காட்டும் திறமைக்குப் பெயர்தான் பிரிதிறன்.

"இதைவிட நெருக்கமான கோடுன்னா என்ன சார் செய்வாங்க?" என்று கேட்டேன். "அதுக்கு ஒரு சீப்பு இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நிஜம்!

அது என்ன சீப்பு?

ஒருவகை லேசர், ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக, ஒரே சீராக வெளியிடும். அந்த ஒளியில் உள்ள அதிர்வெண்களைப் பிரித்துப் பார்த்தால், சம இடைவெளியில் லட்சக்கணக்கான மெல்லிய கோடுகள் தெரியும். சீப்பின் பற்கள் போலவே! நொடிக்கு 25 கோடி துடிப்புகள் என்றால், பற்களின் இடைவெளியும் 25 கோடி ஹெர்ட்ஸ். ஆக, இது ஒளியை அளக்கும் ஸ்கேல். இதை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த ஜெர்மனியின் தியோடர் ஹென்ஷ், அமெரிக்காவின் ஜான் ஹால் இருவரும் 2005-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த ஒளியை ஒரு வாயுவுக்குள் அனுப்பினால், வாயு தனக்குரிய அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். அந்தப் பற்கள் மங்கும். எந்தப் பற்கள் மங்கின என்று பார்த்தால், என்ன வாயு என்று சொல்லிவிடலாம். 2008-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில், மனிதர் விடும் மூச்சிலுள்ள அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு போன்றவற்றை இப்படிக் கண்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். தங்கைக்குப் பாட்டி பேன் பார்க்கும்போது பெரிய பல் சீப்பை எடுப்பாரா? மாட்டார். இடுக்கு வழியாகப் பேன் தப்பிவிடும்! அதேபோல, வாயுவின் மெல்லிய கோடு இரண்டு பற்களுக்கு நடுவே விழுந்தால் தப்பிவிடும்.

தீர்வு எளிது. சீப்பைக் கொஞ்சம் நகர்த்து, அள. மறுபடி நகர்த்து, அள. கடைசியில் எல்லாவற்றையும் கோத்துவிடு. எவ்வளவு நகர்த்தணும்? கணக்குப் போட்டேன். அகச்சிவப்பில் இருக்கும் 8 லட்சமாவது பல்லை எடுத்துக்கொள்வோம். துடிப்பு வேகத்தை 1 ஹெர்ட்ஸ் கூட்டினால் அந்தப் பல் 8 லட்சம் ஹெர்ட்ஸ் நகரும். வெறும் 312 ஹெர்ட்ஸ் கூட்டினாலே ஏறக்குறைய முழு இடைவெளியும் நிரம்பிவிடும்! இதற்குப் பிறகு கருவியின் பிரிதிறனுக்கு எல்லை பற்களின் இடைவெளி அல்ல, ஒரு பல்லின் தடிமன்தான். அதனால்தான் பல் ஆடாமல் இருக்க அத்தனை பாடுபடுகிறார்கள்.

இத்தனை பற்களை எப்படித் தனித்தனியே படிப்பது? இடைவெளி மிகச் சிறிதே வேறுபடும் இன்னொரு சீப்பையும் சேர்த்துவிடுவார்கள். ஒலியியலில் படித்தோமே விம்மல்கள், அதே கதைதான். இரு சீப்புகளின் பற்களும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, மின்கருவி எண்ணக்கூடிய குறைந்த அதிர்வெண்ணில் விம்மல்களைத் தரும்.

நீங்களும் செய்து பாருங்கள்!

ஒரே மாதிரியான இரண்டு சீப்புகளை ஒன்றின்பின் ஒன்றாகச் சிறிது இடைவெளி விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். அகலமான இருள் பட்டைகள் தெரியும். ஒரு சீப்பை இம்மியளவு அசைத்தாலே பட்டைகள் வேகமாக ஓடும். சிறிய அசைவைப் பெரிதாகக் காட்டும் வித்தை இதுதான்.

என் ரெக்கார்டு நோட்டில் இப்போது 'மஞ்சள் 1, மஞ்சள் 2' என்று திருத்திவிட்டேன். நண்பனிடம் மன்னிப்பும் கேட்டாச்சு. இனி எதையும் "இல்லை" என்று சொல்வதற்கு முன், பிளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பேன்!

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்